ஒன்பதாம் இடத்துக்கு உதவித்தொகை

ஐன் ஸைத்தா, தெற்கு லெபனான்
1971 பிப்ரவரி 14

அன்புள்ள ஜவாத் அண்ணாவுக்கு,

ரபாபின் ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகம். உம்மாவின் முட்டி வலி குளிர்காலத்தோடுதான் போகும் என்று அவளே சொல்லிவிட்டாள், அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை. டக்காரின் ஆப்பிரிக்க வெயில் உன்னைக் கறுக்க வைத்திருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று எங்கள் தலைமை ஆசிரியை வதாத் டீச்சர் வகுப்புக்கு வந்தார். இந்த வருஷம் அரசாங்கம் மாவட்டத்துக்கு ஓர் உதவித்தொகை தருகிறதாம். பள்ளி இறுதித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வருகிறவருக்குப் பெய்ரூட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பு. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. இதைச் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்தது.

எனக்கு வேதியியல் படிக்க வேண்டும் அண்ணா. புகையிலை கோர்க்கும்போது விரலில் ஒட்டிக்கொள்கிற அந்தக் கறுப்புப் பிசின், சோப்புக்குப் போகாமல் தக்காளிக் காய்ச் சாறுக்கு மட்டும் போகிறதே, ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உம்மாவைக் கேட்டால், "அதுக்குப் பேரு அழுக்கு. போய்க் கழுவு" என்கிறாள்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. விண்ணப்பத்தின் கீழே தொகுதி எம்.பி. கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நம் வட்டாரத்து நிலப்பிரபு ஷவ்கத் பேக். மார்க் போடுவது பெய்ரூட், கையெழுத்துப் போடுவது பேக். வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

சொன்னேன். வாப்பா எழுந்து கழுதையைப் பார்க்கப் போய்விட்டார். கழுதைக்கு ஒன்றும் இல்லை. பேக் பெயரைச் சொன்னாலே அவர் ஏன் எழுந்து போகிறார்? உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உம்மா உன் நெற்றியில் முத்தமிடுகிறாள்.

உன் தங்கை
ரபாப்


டக்கார்
1971 மார்ச் 8

என் கண்ணான ரபாப்,

உனக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம். நான் நலம். கறுத்துத்தான் போயிருக்கிறேன். இங்கே அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை.

உன் கடிதத்தைக் கடைக்குள்ளேயே நின்று படித்தேன். சந்தோஷத்தில் துணி கேட்டு வந்த ஒரு கிழவிக்கு ஒரு முழம் கூடுதலாக வெட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி ஹாஜி முனீஃப் பார்த்துவிட்டார். "ஏண்டா, உனக்குக் கல்யாணமா?" என்றார். "இல்ல ஹாஜி, என் தங்கச்சி பெய்ரூட் போறா" என்றேன்.

பேக்கிடம் போவதற்கு என்ன யோசனை? போ. ஸலாம் சொல்லு. கையை முத்தமிடு. ஒரு நொடி வேலை. வீட்டுக்கு வந்து வாயைக் கழுவிக்கொள்ளலாம். ஹாஜி முனீஃப் பேக்குடைய மனைவிக்குச் சொந்தம்தானே, அவரையும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். இந்தக் கடையில் எனக்கு வேலை கிடைத்ததே அந்த வழியாகத்தான் என்பது உனக்குத் தெரியும்.

வாப்பாவிடம் ஏன் எதற்கு என்று கேட்காதே. கேட்காமல் கூட்டிக்கொண்டு போ.

பெய்ரூட்டில் விடுதி ஜன்னலிலிருந்து கடல் தெரிந்தால் எனக்கு எழுது. இரண்டு பேரும் ஒரே கடலைப் பார்க்கிறோமா என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்
ஜவாத்


ஐன் ஸைத்தா
1971 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் சுகத்துக்கு துஆ செய்கிற தங்கை எழுதுகிறேன். எல்லாரும் நலம். நாற்று நட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாப்பா அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டார், உன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கிறாரே, அது. பேக் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குக் காப்பி வந்தது. சிலருக்கு வரவில்லை. எங்களுக்கு உட்கார இடமும் வரவில்லை.

எங்கள் முறை வந்ததும் வாப்பா குனிந்து பேக்கின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பேக் பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தன் வேட்டை நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும்தான் எங்களுக்காக நீட்டியிருந்தது. பிறகு அந்தக் கை என் பக்கம் திரும்பியது. மோதிரம் போட்ட, வெயிலே படாத கை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் கையில் விண்ணப்பத்தை வைத்தேன்.

நாய்ப் பேச்சு நின்றது.

"என்னது இது?"

"விண்ணப்பம். கீழே கையெழுத்துப் போடணும்."

"யாரு பெத்த பொண்ணு இது?" பேக் கூடத்தைப் பார்த்துக் கேட்டார். வாப்பா தொண்டையைக் கனைத்து, "எம் பொண்ணுதாங்க" என்றார்.

"என்ன படிக்கப் போறாளாம்?"

"வேதியியல்" என்றேன்.

"எதுக்கு? அடுப்பங்கரையில உப்பு எது சக்கரை எதுன்னு கண்டுபிடிக்கவா?"

கூடமே சிரித்தது. அவர் சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது.

"அதுக்கு நாக்கு போதுமே, படிப்பு எதுக்கு?" என்றேன்.

சிரிப்பு நின்றது. காது கேட்காத ஒரு பெரியவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். பேக் விண்ணப்பத்தைத் தன் குமாஸ்தா ஃபௌஸியிடம் நீட்டி, "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்றார். வாசல்வரை வந்த ஃபௌஸி வாப்பாவின் தோளில் கை வைத்து, "அபூ ஜவாத், பொண்ணுக்கு முதல்ல ஸலாம் சொல்லக் கத்துக்குடு. கெமிஸ்ட்ரியெல்லாம் அப்புறம்" என்றான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வாப்பா முன்னால் நடந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். எள் ரொட்டி ஒன்று வாங்கிப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"நீ குனியல" என்றார்.

"ஆமா வாப்பா."

"நான் குனிஞ்சத பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"உம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

படிக்க நேரமாகிவிட்டது. உனக்கு அல்லாஹ் துணை.

ரபாப்


டக்கார்
1971 மே 17

ரபாப்,

ஸலாம். எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம்.

உன்னை யார் அங்கே வாய் பேசச் சொன்னது? முதுகைக் கொஞ்சம் வளைத்தால் ஒடிந்தா போய்விடும்? ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கையை முத்தமிட்டவர்கள்தான். அவர்களுக்கெல்லாம் ரோஷமே இல்லையா? நாக்கு போதுமாம். அந்த நாக்கைக் கொஞ்சம் உள்ளே வைத்திருந்தால் இந்நேரம் கையெழுத்து கிடைத்திருக்கும்.

விஷயம் இங்கேவரை வந்துவிட்டது. ஹாஜி முனீஃப் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை விடு, அது என் பாடு.

நீ நிமிர்ந்து நிற்பதாக நினைத்துக்கொள்கிறாய். உனக்காகப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், அது உனக்குத் தெரிகிறதா? வாப்பாவை இன்னொரு தடவை போகச் சொல்லு. ஒரு ஆட்டுக்குட்டியோடு போகச் சொல்லு. நீயும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா.

தேர்வை ஒழுங்காக எழுது. கோபத்தில் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. உம்மாவுக்கு ஸலாம்.

ஜவாத்


ஐன் ஸைத்தா
1971 ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு,

உனக்கு நிம்மதியும் சுகமும் கிடைக்கட்டும். இங்கே எல்லாரும் இலை பறிப்பதில் இருக்கிறோம். விரலெல்லாம் பிசின், காகிதத்தில் கறை தெரிந்தால் மன்னித்துக்கொள்.

முடிவு வந்துவிட்டது. மாவட்டத்தில் நான் முதல் இடம்.

உதவித்தொகை யாருக்கு என்பதும் வந்துவிட்டது. ஃபௌஸியின் மகன் அனீஸுக்கு. அவன் ஒன்பதாம் இடம்.

உம்மா கோர்த்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்பதுக்கு முன்னாடி எட்டுப் பேரு இருக்காங்களே, அவங்கெல்லாம் செத்தா போயிட்டாங்க?" என்று கேட்டாள். வதாத் டீச்சர் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "முதல் இடத்து விண்ணப்பத்துல எம்.பி. கையெழுத்து இல்லம்மா" என்றார்களாம். நான் கொடுத்த விண்ணப்பம் ஃபௌஸியின் மேசையைவிட்டு நகரவே இல்லை.

அனீஸ் நேற்று நம் வயலோரமாக வந்து நின்றான். "நான் கேக்கல ரபாப். வாப்பாதான்..." என்றான். "உனக்குக் கிடைச்சத நீ வேண்டாம்னு சொல்லுவியா?" என்று கேட்டேன். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ சொன்ன மாதிரி ஆட்டுக்குட்டி கொண்டுபோகவில்லை. வாப்பாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டு.

அடுத்த மாதம் பரிசளிப்பு விழா. முதல் இடத்துக்கு ஒரு பெரிய அகராதி. கொடுக்கப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டாம். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் அவர் கையை முத்தமிட்டுப் பரிசை வாங்குவது வழக்கம்.

உன் யோசனையைக் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

ரபாப்


ஐன் ஸைத்தா
1971 செப்டம்பர் 19

அண்ணா,

ஸலாம். உன் பதில் வருமுன்பே மறுபடி எழுதுகிறேன், வேறு யாராவது உனக்குத் திரித்துச் சொல்வதற்கு முன்னால்.

விழா டவுன் சினிமாக் கொட்டகையில். ஊரே வந்திருந்தது. வாப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். முதலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். பேக் இடது கையால் அகராதியைக் கொடுத்தார், வலது கையைப் புறங்கை மேலாகத் தொங்கவிட்டார். அகராதியை இடுக்கிக்கொண்டேன். அந்தக் கையைப் பிடித்தேன். பக்கவாட்டில் திருப்பினேன். குலுக்கினேன்.

அவர் கை விறைத்துப்போனது. இப்படி யாரும் அவர் கையைப் பிடித்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. "நன்றி. அகராதி வந்து சேர்ந்தது. உதவித்தொகையும் எனக்குச் சேர வேண்டியதுதான்" என்று அவரிடம் மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். கொட்டகை முழுக்கக் கேட்டது.

வதாத் டீச்சர் என் காதோரம், "ஓடாத. நட" என்றார். நடந்தேன்.

இனிமேல்தான் விஷயமே. இரண்டாம் இடம் நுஹா. வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்காதவள், ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் சிவந்துபோகிறவள். அவள் மேடை ஏறி, கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூன்றாவது வந்த பையன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குலுக்கினான். நான்காவது பெயரைக் கூப்பிடுவதற்குள் பேக் தன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சப் பரிசையெல்லாம் வதாத் டீச்சர்தான் கொடுத்தார். பேக் பைக்குள் கையோடு கடைசிவரை நின்றார்.

வெளியே வந்ததும் வாப்பாவைத் தேடினேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்தார். என் கையிலிருந்து அகராதியை வாங்கிக்கொண்டார். "நல்ல கனம்" என்றார். வீடுவரை அவரே தூக்கி வந்தார்.

பள்ளிவாசல் ஷேக், ஒரு பெண் அந்நிய ஆணின் கையைத் தொடலாமா என்று கேட்டாராம். முத்தமிடலாமா என்று அவர் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

நுஹா வீட்டில் அவளை அடித்திருக்கிறார்கள். இருந்தும் இன்று என்னைப் பார்க்க வந்தாள்.

எழுது அண்ணா. திட்டியாவது எழுது.

ரபாப்


ஐன் ஸைத்தா
1971 நவம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். இத்தனை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உம்மா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள். அவர் இப்போது வேறு பாதையில் போகிறார்.

இந்தத் தடவை துடுக்காகப் பேச என்னிடம் வாய் இல்லை. புகையிலை லைசென்ஸ் புதுப்பித்து வந்தது. நம் நிலத்தில் பாதிக்குத்தான் அனுமதி. ஊரில் வேறு யாருக்கும் குறையவில்லை. ஏன் என்று வாப்பா கேட்டதற்கு, "மேலேயிருந்து வந்த உத்தரவு" என்றார்களாம். சாச்சா வந்து வாசலிலேயே நின்று, "உம் பொண்ணு கைய ஆட்டினா, உன் குடும்பமே ஆடிப்போச்சு பார்த்தியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தாங்கிக்கொள்வேன். பாதி நிலத்தை உழாமல் அதன் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணா, அன்று செய்ததற்கு நான் வருந்தவில்லை. ஆனால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். மேயில் நீ எழுதியது இதைத்தானே? போய் மன்னிப்புக் கேள் என்று நீ ஒரு வார்த்தை எழுது. எனக்கு இஷ்டமில்லாவிட்டாலும் போகிறேன். நீ சொன்னால் மட்டும்.

உன் பதிலுக்காக
ரபாப்


காவ்லாக்
1972 ஜனவரி 2

என் கண்ணான ரபாப்,

ஸலாம். என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதங்கள் டக்காரிலிருந்து சுற்றி வந்து சேர்ந்தன. நான் ஊரை மாற்றிக்கொண்டேன். துணிக்கடையில் உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஒத்துவரவில்லை. காவ்லாக்கில் நிலக்கடலைக் கிடங்கில் இருக்கிறேன். நல்ல காற்று. நல்ல பசி எடுக்கிறது. உம்மாவிடம் இதை மட்டும் படித்துக் காட்டு.

போகாதே.

மேயில் எழுதினதை மறந்துவிடு. உன் செப்டம்பர் கடிதத்தை இங்கே கூட இருக்கிற பையன்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லிக் காட்டினேன். பேக் பைக்குள் கை வைத்துக்கொண்டதை நடித்துக் காட்டச் சொல்லித் தினமும் ராத்திரி தொந்தரவு செய்கிறார்கள். நான் நன்றாக நடிக்கிறேன்.

வாப்பா ஏன் எழுந்து போகிறார் என்று கேட்டாய். உனக்கு அப்போது நினைவு தெரியாத வயசு. நான் பள்ளியில் முதலாவதாகத்தான் வந்தேன். சைதா நகரத்துத் தொழிற்பள்ளியில் இலவச இடம் ஒன்று இருந்தது. வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பேக்கிடம் போனார். இரண்டு பேரும் அவர் கையை முத்தமிட்டோம். பேக் என் கையைத் திருப்பிப் பார்த்து, "இது ஆப்பிரிக்காவுக்குத் தோதான கை. முனீஃபுக்கு ஆள் வேணும்னான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இலவச இடம் வேறு யாருக்கோ போனது. வீட்டுக்குத் திரும்புகிற வழி முழுக்க வாப்பா பேக்கைப் புகழ்ந்துகொண்டே வந்தார். எதிரே வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

முத்தமிட்டவனுக்குக் கிடைத்தது இதுதான். நீ முத்தமிடாமல் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று வதாத் டீச்சரைக் கேள். வாப்பா கையையும் உம்மா கையையும் எனக்காக முத்தமிடு. அந்தக் கைகளுக்குத் தகும்.

ஜவாத்


ஐன் ஸைத்தா
1972 மார்ச் 9

என் மகன் ஜவாதுக்கு,

வாப்பா சொல்லச் சொல்ல ரபாப் எழுதறா. அல்லாஹ் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும். நாங்க நல்லா இருக்கோம். உம்மா முட்டியும் இருக்கு.

நீ கடலைக் கிடங்குல மூட்டை தூக்கறேன்னு எனக்குத் தெரியும். ஹாஜி முனீஃபோட தம்பி கடைத்தெருவுல நின்னு, "தங்கச்சி கைய நீட்டினா, அண்ணனைக் கடையவிட்டுத் தள்ளினோம்"னு சத்தமா சொன்னான். நல்ல காத்தாம். நல்ல பசியாம். யாருகிட்ட விடறே? (உம்மாவுக்கும் தெரியும் அண்ணா. நான் இத்தனை நாளாக ஒளித்து வைத்துப் படித்துக் காட்டியதெல்லாம் வீண்.)

இப்போ கேளு. தேர்தல் வருது. டவுன்ல பசங்க சுவருக்குச் சுவரு கரியில ஒரு கோட்டு வரைஞ்சு, அதோட பைக்குள்ள ஒரு கையை வரைஞ்சு வெச்சிருக்காங்க. பேர் எதுவும் போடல. போட வேண்டியதும் இல்ல. அதை அழிக்க ஆள் போட்டும் முடியலயாம்.

அதனால போன செவ்வாக்கிழமை ஃபௌஸி ஒரு கூடை ஆரஞ்சோட வந்தான். இந்த வாசலுக்கு அவன் வந்ததே இல்ல. உக்காந்தான். "அபூ ஜவாத், பேக்குக்குப் பெரிய மனசு. இன்னொரு உதவித்தொகை கண்டுபிடிச்சிருக்காரு. உன் பொண்ணுக்குத்தான். லைசென்ஸ் முழுசாத் திரும்பும். உன் பையனுக்கு டக்கார் வேலை திரும்பும். தேர்தல் விருந்துல உன் பொண்ணு எல்லாருக்கும் முன்னால வந்து அந்தக் கையை ஒரே ஒரு தடவை முத்தமிட்டா போதும். ஒரு போட்டோ எடுப்பாங்க. அம்புட்டுத்தான்"ங்கறான்.

இவ என்ன சொன்னா தெரியுமா? "நான் வரேன்"னா. (இதை எழுத வேண்டாம் என்றேன். எழுது என்கிறார்.) உனக்காகத்தான் சொன்னா. மூட்டைன்னு கேட்டதுலேருந்து அவ சரியா சாப்பிடல. மூஞ்சி வெளுத்துப்போய், "அண்ணா வேலை திரும்புமில்ல? எழுதிக் குடுப்பீங்களா?"ன்னு அவனைக் கேக்கறா.

நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். போகல. இருக்கட்டும்னு அவ முன்னாலயே பேசினேன்.

"ஃபௌஸி, இதெல்லாம் திருப்பித் தரேங்கற. அப்போ எடுத்தது நீங்கதான்னு ஆகுது. மேலேயிருந்து உத்தரவுன்னாங்களே, மேல யாருன்னு இப்போ சொல்லிட்டே."

"வார்த்தைய வளக்காத அபூ ஜவாத். ஆமாவா, இல்லயா?"

"இல்ல."

"பையனை நினைச்சுப் பாரு."

"அவனைத்தான் நினைக்கறேன். அவனுக்காகத்தான் ஒரு தடவை குனிஞ்சேன். அவனை இழந்தேன். இவளுக்காகவும் குனிஞ்சேன். ஒன்பதாவதா வந்தது உன் மகன். இனி எவ்வளவு குனியணும்? மண்ணுக்குள்ளயா போகணும்?"

அவன் எழுந்தான். கூடையைக் கையில குடுத்தேன். உங்க உம்மா பின்னாலேருந்து, "ஆரஞ்சையாவது வெச்சுக்கலாமில்ல"ங்கறா. அவன் போன அப்புறம் அவதான் ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் அழுதா.

ரபாப் அக்டோபர்ல ஆசிரியர் கல்லூரிப் பரீட்சை எழுதப் போறா. வதாத் டீச்சர் சொன்ன வழி. தேறினா படிப்பும் உண்டு, மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. விடைத்தாள்ல பேரு போடக் கூடாதாம், நம்பர் மட்டும்தானாம். யாரு பெத்த பொண்ணுன்னு அந்த நம்பரை எவனும் கேக்க முடியாது. அந்தப் பாதி நிலத்துல பருப்பு விதைச்சிருக்கேன். பருப்புக்கு லைசென்ஸ் வேணாம்.

மகனே, ஒண்ணுதான் மனசை அறுக்குது. உன் பொழப்பை உன்னைக் கேக்காமலே நான் தட்டிவிட்டுட்டேன். உனக்கு முதுகு நோகறப்போ என்னைத் திட்டிக்கோ. திட்டினேன்னு எழுதவும் எழுது. நான் தாங்கிக்குவேன். ஆனா மாத்திச் சொல்ல மாட்டேன்.

உன் வாப்பா

(அண்ணா, நான் அவன் முன்னால் சரி என்றதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வாப்பா மாலையில் பருப்பு வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டே பாடினார். அவருக்குப் பாடத் தெரியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ரபாப்.)


காவ்லாக்
1972 மார்ச் 11

அன்புள்ள ரபாப்,

உனக்கு ஸலாம். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம். நான் சுகம். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்று ஹாஜி முனீஃப் டக்காரிலிருந்து காரில் கிடங்குக்கே வந்துவிட்டார். நான் மூட்டையோடு நின்றிருந்தேன். ஆமாம், மூட்டைதான் தூக்குகிறேன். உன்னிடம் வேறு மாதிரி எழுதியிருந்தேன். வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"ஜவாத், கடைக்குத் திரும்பி வா. பழைய இடம். சம்பளமும் கூட. ஊருல எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்க வாப்பா ஒத்துக்கிட்டார். தங்கச்சியும் ஒத்துக்கிட்டா. விருந்துல முத்தம் குடுக்கறா. உன் பங்குக்கு நீயும் பேக்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது. பேனா இதோ."

நீ ஒத்துக்கொண்டாய் என்பதை நான் நம்பவில்லை. உன்னை எனக்குத் தெரியும். ஆனால் வாப்பா விஷயத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை ரபாப். நான் மூட்டை தூக்குவது அவர் காதுக்கு எட்டியிருந்தால், எனக்காக அவர் எதையும் ஒத்துக்கொள்வார். என்னைக் கப்பலேற்றிவிட்ட நாளிலிருந்து அவர் மனசில் இருப்பது எனக்குத் தெரியும்.

மூட்டையைக் கீழே போட்டேன். தூசி அவர் சட்டையெல்லாம் படிந்தது. "எழுத மாட்டேன் ஹாஜி" என்றேன்.

"உங்க வாப்பா வாக்குக் குடுத்திருக்கார்டா. அவரைப் பொய்யனாக்கப் போறியா?"

"எங்க வாப்பா பேக் வீட்டுல குடுத்ததெல்லாம் போதும். இது என் பேரு. இதை அவரால குடுக்க முடியாது. நானும் குடுக்க மாட்டேன்."

சுற்றி நின்ற பையன்கள் நம் பாஷை புரியாமலே கை தட்டினார்கள். அவர் காரில் ஏறிக்கொண்டு போய்விட்டார். இனி டக்காரில் எந்த லெபனான்காரன் கடையிலும் எனக்கு வேலை கிடைக்காது. கிடைக்காமல் போகட்டும். இங்கே கடலைக் கிடங்குக்காரர் நம் ஆள் இல்லை. பேக் என்றால் யாரென்றே அவருக்குத் தெரியாது.

ஆனால் வாப்பா உண்மையிலேயே வாக்குக் கொடுத்திருந்தால், நான் அதை உடைத்துவிட்டேன். அந்தக் கூடத்தில் அவர் மறுபடி தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். நீ அவரிடம் பதமாகச் சொல்லு. எனக்காக அவர் இதைச் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லு. கோபப்பட்டால் படட்டும். இனி என் மகனே இல்லை என்றாலும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவர் என்ன சொன்னார் என்பதை ஒன்றுவிடாமல் எழுது. தபால் வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

உன் அண்ணன்
ஜவாத்